நோய் தெரிகிறது, நாள்தான் கிடைக்கவில்லை

வடசென்னையில் இலவச மருத்துவ முகாமுக்குக் குறைவில்லை. சமுதாய நலக்கூடத்திலோ மாநகராட்சிப் பள்ளியிலோ பந்தல் போட்டு, பிரஷர் பார்த்து, சர்க்கரை பார்த்து, சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். முடிவில் மைக் பிடிப்பவர் யாராக இருந்தாலும் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: இந்தப் பகுதிப் பெண்களுக்கு விழிப்புணர்வு கிடையாது, முற்றவிட்ட பிறகுதான் டாக்டரிடம் வருகிறார்கள். பிறகு அதே வாக்கியம் தொண்டு நிறுவனத்தின் திட்ட அறிக்கையில் ஏறும், மாணவரின் ஆய்வேட்டில் ஏறும், ஆலையின் சமூகப் பொறுப்பு நிதிக் கணக்கில் ஏறும். நிரூபியுங்கள் என்று யாரும் கேட்பதில்லை.

அந்த வாக்கியம் தவறு. ராயபுரம் முதல் எண்ணூர் வரை மீன் விற்கிற, வீட்டு வேலை செய்கிற, தெருக் கூட்டுகிற, துணிக்கடையில் நிற்கிற பெண்களுக்குத் தங்கள் உடம்பில் என்ன கோளாறு, எப்போது தொடங்கியது, எதனால் கூடுகிறது, எதனால் தணிகிறது என்பது நன்றாகவே தெரியும். தெரிந்ததை வைத்துக்கொண்டு மேற்கொண்டு ஒரு காரியம் செய்ய நேரம் வேண்டும், ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுக்கும் தெம்பு வேண்டும், சொன்னால் காதில் வாங்கிக்கொள்ளும் இடம் வேண்டும். மூன்றும் அவர்கள் கையில் இல்லை. இந்த மூன்றையும் பேசாமல் தப்பித்துக்கொள்ள விழிப்புணர்வுப் பேச்சு ரொம்ப வசதி.

*

முகாம் மேடைப் பேச்சை மட்டும் பிடித்து அடித்தால் அது மறுப்பாகாது. இந்தக் கருத்துக்கு அதைவிடக் கூர்மையான வடிவம் உண்டு. அதைச் சொன்னவர் அமர்த்தியா சென். வங்கப் பஞ்சத்துக்கு மறு ஆண்டான 1944-ல், கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில், அகில இந்திய சுகாதாரம், பொதுச் சுகாதார நிறுவனம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் உடம்பு சரியில்லை என்றோ சுமார்தான் என்றோ சொன்னார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம்தான். பல்லாண்டு வறுமையும் அடக்கமும் மனிதரின் எதிர்பார்ப்பையே சுருக்கிவிடுகின்றன, நோயையும் இயல்பு என்று எடுத்துக்கொள்ளப் பழக்கிவிடுகின்றன என்பது சென் இதிலிருந்து எடுத்த முடிவு. 2002-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அவர் இன்னொரு முரணையும் காட்டினார். ஆயுள் அதிகமுள்ள கேரளத்தில்தான் நோய் இருப்பதாகச் சொல்பவர்கள் அதிகம். ஆயுள் குறைந்த பீகாரில் சொல்பவர்கள் மிகக் குறைவு. ஆகவே ஒருவர் தன் உடல்நிலையைப் பற்றிச் சொல்வதை மட்டும் நம்பித் திட்டம் தீட்டக்கூடாது என்றார்.

சென்னின் அக்கறையில் எனக்கு ஐயம் இல்லை. முகாம் மேடைக்காரர்கள் அதைக் கையாளும் விதத்தில்தான் கோளாறு. 'சொல்லவில்லை' என்பதை அவர்கள் சத்தமில்லாமல் 'தெரியவில்லை' என்று மாற்றிக்கொள்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல என்று பொருளியல் அறிஞர் பீனா அகர்வால் 1997-லேயே எழுதினார். பெண் வெளியே இணங்கிப் போவதாலேயே உள்ளே தன் நலன் அவளுக்குத் தெரியாது என்றாகாது. எதிர்த்துச் சொல்ல வழியில்லாத இடத்தில் இணக்கம் ஒரு பிழைக்கும் வழி என்பது அவர் வாதம். சிங்கூரின் விதவையை இந்தக் கண்ணால் பாருங்கள். பஞ்சம் முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. மைத்துனன் வீட்டிலோ மகன் வீட்டிலோ ஒரு மூலை. நோட்டுப் புத்தகத்தோடு வந்தவரிடம் எனக்கு முடியவில்லை என்று சொன்னால் மருந்து வரப்போவதில்லை. இவள் வேலைக்கு ஆகமாட்டாள் என்ற பேர்தான் வரும். அந்த இடத்தில் நான் இருந்தாலும் நன்றாகத்தான் இருக்கிறேன் என்றே சொல்லியிருப்பேன்.

கேரளக் கணக்கையும் இப்படியே படிக்கலாம். கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் ஜனங்கள் நோயைச் சொல்கிறார்கள். சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லாத ஊரில் சொல்வதில்லை. படிப்பும் மருத்துவ வசதியும் இருப்பதால்தான் கேரளத்தவர் அதிகம் சொல்கிறார்கள் என்பதை சென்னே ஒப்புக்கொள்கிறார். அப்படியென்றால் இந்த எண்கள் அளப்பது சொல்பவரின் அறிவை மட்டுமல்ல, கேட்பவர் ஒருவர் இருக்கிறாரா என்பதையும்தான்.

இன்னொரு புகழ்பெற்ற ஆய்வும் அறியாமைக்குச் சாட்சியாக அடிக்கடி இழுக்கப்படுகிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் ராணி பங்கும் சக ஆய்வாளர்களும் இரண்டு கிராமத்துப் பெண்களைப் பரிசோதித்து 1989-ல் லான்செட் இதழில் வெளியிட்டது அது. 92 சதவீதப் பெண்களுக்கு ஒன்றோ பலவோ மகளிர் நோய்கள் இருந்தன. அதுவரை மகளிர் நோய்ப் பரிசோதனைக்கு உட்பட்டிருந்தவர்கள் 8 சதவீதம் மட்டுமே. பாருங்கள், எவ்வளவு அறியாமை என்பார்கள். அதே ஆய்வில் மூன்றாவது எண் ஒன்றும் இருக்கிறது. 55 சதவீதப் பெண்கள் தங்களுக்குத் தொல்லை இருப்பதைத் தாங்களே சொன்னார்கள். வலிக்கிறது என்றவர்கள் பாதிக்கு மேல். மருத்துவம் தொட்டுப் பார்த்தது நூற்றுக்கு எட்டுப் பேரை. இந்த இரண்டு எண்ணுக்கும் இடையே உள்ள பள்ளத்தை வெட்டியவர்கள் அந்தப் பெண்கள் அல்ல.

*

வடசென்னைக்கு வருவோம். காசிமேட்டில் மீன் ஏலம் விடியுமுன்பே தொடங்கிவிடும். கூடையில் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் பெண்ணுக்கு முதல் பெரும்பாலும் தண்டல் பணம். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, வட்டியை முன்பே பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுப்பார்கள். நாளைக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்டவேண்டும். தண்டல்காரரின் நோட்டில் காய்ச்சல் நாள் என்று ஒரு பத்தி கிடையாது.

இந்தப் பெண்ணுக்கு அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது, வெள்ளைப்படுகிறது, இடுப்பு விட்டுப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய ஆட்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஸ்டான்லிக்குப் போனால் வைத்தியம் இலவசம். ஆனால் ஓ.பி. நேரம் காலை. அவள் மீன் விற்கும் நேரமும் காலை. நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவளுக்கும், தெருக் கூட்டுபவளுக்கும் வேலை உச்சத்தில் இருப்பது அந்த நேரம்தான். போனாலும் ஒரே நடையில் முடியாது. முதல் நாள் சீட்டு, இன்னொரு நாள் ரத்தப் பரிசோதனை, அடுத்த வாரம் ஸ்கேன், அதற்கடுத்த நடை ரிப்போர்ட்டுக்கு. இலவச வைத்தியத்துக்கு அவள் தரும் விலை நாலு நாள் வியாபாரம், நாலு நாள் தண்டல் பாக்கி, கைமாறிப்போகும் வாடிக்கை வீடுகள். பக்கத்துத் தெரு மெடிக்கலில் ரெண்டு செட் மாத்திரைக்குச் சில பத்து ரூபாய் போதும். அது ராத்திரி ஒன்பது மணிக்கும் திறந்திருக்கும். ஏன் இத்தனை நாள் கழித்து வந்தாய் என்று யாரும் திட்டமாட்டார்கள்.

அந்த செட் மாத்திரையை நான் நியாயப்படுத்தவில்லை. அதில் என்னென்ன இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. பல நேரம் விற்பவருக்கும் சரியாகத் தெரியாது. வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். ஆனால் அவள் அதை வாங்குவது தவறான நம்பிக்கையால் அல்ல. இது குணமாக்காது, இன்றைக்கு வேலைக்குப் போக வைக்கும் என்பது அவளுக்குத் தெரியும். 'ஊசி போட்டா ரெண்டு நாள் ஓடும்' என்கிற பேச்சில் மூடநம்பிக்கை எங்கே இருக்கிறது? ரெண்டு நாள் ஓடும் என்றுதானே சொல்கிறாள், தீரும் என்று சொல்லவில்லையே. பிரஷர் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டு ஒரு மாதத்து மருந்தை இரண்டு மாதத்துக்கு இழுப்பதும் இப்படித்தான். மருத்துவப்படி அது தவறு. கணக்குப்படி, அடுத்த நடைக்கு ஆகும் கூலி இழப்பை ஒரு மாதம் தள்ளிப்போடுவது.

இந்தப் பெண்கள் டாக்டரையே வேண்டாம் என்கிறவர்கள் என்றால், வண்ணாரப்பேட்டையின் டாக்டர் ஜெயச்சந்திரனையும் வியாசர்பாடியின் டாக்டர் திருவேங்கடத்தையும் எப்படி விளக்குவது? இருவரும் இரண்டு ரூபாயில் தொடங்கி ஐந்து ரூபாய்க்கு வைத்தியம் பார்த்தவர்கள். ஜெயச்சந்திரன் 2018-லும் திருவேங்கடம் 2020-லும் இறந்தபோது வடசென்னையே திரண்டு அழுதது. அந்த க்ளினிக்குகளுக்கு ஜனங்களைக் கூட்டிவரத் துண்டறிக்கை தேவைப்படவில்லை. கட்டணம் குறைவு என்பது பாதிக் காரணம்தான். வீட்டுப் பக்கத்தில், வேலை முடிந்து வரக்கூடிய நேரத்தில், முகம் தெரிந்த ஒரு டாக்டர் உட்கார்ந்திருந்தார் என்பது மறு பாதி.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பக்கமும் உண்டு. இதே மணலியில், இதே எண்ணூரில், ஈ.எஸ்.ஐ. சந்தா கட்டும் தொழிலாளிக்கு நோய் வந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். 1948-ல் வந்த சட்டம் அது. வேலைக்குப் போகாத நாளுக்குக் காசு கிடைத்தால்தான் ஒரு தொழிலாளி டாக்டரிடம் போவான் என்பதை அன்றைக்கே சட்டம் எழுதியவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள். அந்தத் தொழிலாளியின் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவளுக்கும், அவனுக்கு மீன் விற்பவளுக்கும் அந்தப் புரிதல் நீளவில்லை. வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007-ல் வந்தது. பிள்ளைகள் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, சாவுக்கு உதவித்தொகை உண்டு. படுத்த நாளுக்குக் கூலி கிடையாது. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் ஐந்து லட்சம் வரைக்கும் சிகிச்சைக்குப் பணம் உண்டு. ஐந்நூறு ரூபாய் கூலிக்குக் காப்பீடு இல்லை. பெரிய நோயாக முற்றினால் அரசு பார்த்துக்கொள்ளும், சின்ன நோயாக இருக்கும்போதே வந்தால் நஷ்டம் உனக்கு என்று ஓர் ஏற்பாட்டைச் செய்துவைத்துவிட்டு, முற்றவிட்டுத்தான் வருகிறார்கள் என்று அங்கலாய்ப்பது எந்த ஊர் நியாயம்?

*

விழிப்புணர்வு வாதத்தை ஒரே அடியில் வீழ்த்தும் சான்று பிரசவம். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. மாதவிடாய் தள்ளிப்போன உடனே பதிவு செய்து, எண் வாங்கி, ஸ்கேன் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை வாங்கி, தடுப்பூசி போட்டு, நாள் தவறாமல் செக்கப்புக்குப் போகிறார்கள். ராயபுரத்தில் 1880-லிருந்து நிற்கும் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை தலைமுறை தலைமுறையாக அதற்குச் சாட்சி. பாட்டி பிறந்ததும் அம்மா பிறந்ததும் பிள்ளை பிறந்ததும் அங்கேதான் என்று சொல்லும் குடும்பங்கள் வடசென்னையில் ஏராளம்.

அந்தப் பெண்தான் இந்தப் பெண். இருபத்தைந்து வயதில் இவ்வளவு ஒழுங்காக வந்தவளுக்கு நாற்பத்தைந்து வயதில் விழிப்புணர்வு எங்கே காணாமற்போனது? அவள் மாறவில்லை. பிரசவத்துக்கு அரசு வழி போட்டிருந்தது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் பணமும் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புக்குத் தருகிறது. வேலை போன நாட்களுக்கு அது ஓரளவு ஈடு. கிராம, நகர செவிலியர் வீடு தேடி வருகிறார். ஆம்புலன்ஸ் வருகிறது. குடும்பமும் அந்தப் பத்து மாதம் அவளுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக அனுமதியும் துணையும் தருகிறது. நேரம், பணம், இடம் மூன்றும் சேர்ந்த இடத்தில் பெண்கள் வந்தார்கள். இதைத்தான் நான் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

குழந்தை பிறந்து, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையும் முடிந்ததும் அவள் உடம்பின்மேல் இருந்த அரசாங்க ஆர்வம் வடிந்துவிடுகிறது. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள் 57.8 சதவீதம், ஆண்கள் 0.1 சதவீதம். ஆணுக்குச் செய்வது எளிது, ஆபத்துக் குறைவு, சில நாளில் வேலைக்குத் திரும்பலாம் என்பது மருத்துவம் படித்த எல்லாருக்கும் தெரியும். ஆயினும் ஆண்களின் விழிப்புணர்வின்மை பற்றி மேடையில் யாரும் கவலைப்படக் காணோம். பெண்ணின் உடம்பைப் பற்றிய பொறுப்பு முழுவதும் பெண்ணிடம்; ஆணின் உடம்பைப் பற்றிய பொறுப்பும் பெண்ணிடம். இவ்வளவையும் சுமப்பவளுக்கு அக்கறை இல்லை என்கிறோம்.

இரத்தசோகையையும் சேர்த்துப் பேசிவிடலாம். 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. முகாமில் உடனே முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஈரல் என்று பட்டியல் வாசிப்பார்கள். சுவரொட்டி சொல்லித்தான் வடசென்னைப் பெண்ணுக்கு ஈரலின் அருமை தெரியவேண்டும் என்றில்லை. வயதுக்கு வந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் என்னென்ன ஆக்கிப்போடவேண்டும் என்பதை அவள் மாமியாரிடமும் அம்மாவிடமும் கற்றவள். வாங்கிவந்த கால் கிலோ ஈரல் யார் யார் தட்டில் விழுகிறது, கடைசியில் சட்டியில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் விஷயம். அந்தப் பாடத்தை நடத்தவேண்டிய வகுப்பில் வீட்டு ஆண்களை உட்கார வைக்கவேண்டும். இதுவரை எந்த முகாமும் அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்ததாகத் தெரியவில்லை.

*

இந்தப் பெண்கள் உடம்பைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பவர்கள் ஆஸ்பத்திரியில் மட்டும் காதை வைத்திருக்கிறார்கள். அவர்கள் பேசும் இடம் வேறு. வேலைத்தலத்தில் பேசுகிறார்கள், தெருவில் பேசுகிறார்கள், மறியலில் பேசுகிறார்கள். சுகாதாரத்துறைப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால் அது உடல்நலப் பேச்சாகவே எண்ணப்படுவதில்லை.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றபடி வேலை பார்க்கும் பெண்களுக்கு நரம்பு சுருட்டிக்கொள்கிறது, குதிகால் வலிக்கிறது, சிறுநீரை அடக்கி அடக்கிக் கடுப்பு வருகிறது. காரணம் என்ன என்று கேட்டால் ஒரு நொடியில் சொல்வார்கள்: உட்கார விடுவதில்லை, பாத்ரூம் போக விடுவதில்லை. கோழிக்கோட்டில் இதே குறையோடு துணிக்கடைப் பெண்கள் 'பெண்கூட்டு' என்று சேர்ந்து போராடினார்கள். கழிப்பறையும் நாற்காலியும் கேட்ட போராட்டம் அது. கேரள அரசு 2018-ல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் உட்காரும் உரிமையைச் சேர்த்தது. சிரைப் புடைப்புக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் எதிராக இந்த மாநிலத்தில் எடுக்கப்பட்ட பெரிய தடுப்பு நடவடிக்கைகளில் ஒன்று இது. அதைக் கண்டுபிடித்தது எந்த மருத்துவக் கல்லூரியும் அல்ல. நின்று நின்று கால் வீங்கிய பெண்கள்தான். சட்டம் வந்தபிறகும் எத்தனை கடையில் நாற்காலி வந்தது என்று தொழிலாளர் துறை போய்ப் பார்க்கட்டும். அதுவும் ஒரு மருத்துவ முகாம்தான்.

எண்ணூரைப் பாருங்கள். 2023 டிசம்பர் 26 இரவு, பெரியகுப்பத்தில் கோரமண்டல் இன்டர்நேஷனல் ஆலைக்குக் கடலடியில் அமோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு. கண் எரிந்து, மூச்சு முட்டி எழுந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். மறுநாளிலிருந்து ஆலை வாசலில் வாரக்கணக்கில் உட்கார்ந்து, இதை மூடு என்றவர்களில் பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அதற்குச் சில வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்திருந்தது. கழிமுகத்தின் இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அந்த எண்ணெய் தோலில் என்ன செய்யும் என்று யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலந்து தண்ணீரின் ஆழம் குறைந்ததும் அவர்களுக்குக் காலில்தான் முதலில் தெரிந்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலியைக் கடும் மாசுப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது 2009-ல். அங்கே துணி காயப்போடும் பெண்கள் அதற்கு வெகுகாலம் முன்பே கொடியில் படியும் கரியைப் பார்த்து, பிள்ளைக்கு ஏன் இளைக்கிறது என்று முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால் சீட்டில் ஆஸ்துமா என்று எழுதுவார்கள், ஒவ்வாமை என்று எழுதுவார்கள். எந்தப் புகைபோக்கிக்கு எத்தனை மீட்டர் தூரத்தில் குடியிருக்கிறாய் என்று எழுத அதில் இடம் கிடையாது. நோயாளி காரணத்தோடு வருகிறாள்; மருத்துவம் காரணத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு நோயை மட்டும் உள்ளே எடுத்துக்கொள்கிறது. இதில் விவரம் குறைந்தவர் யார் என்று படிப்பவரே முடிவு செய்யலாம். ஆலைகளோ சமூகப் பொறுப்பு நிதியில் கை கழுவும் முறை பற்றி இதே தெருக்களில் வகுப்பு நடத்திக்கொண்டிருக்கின்றன.

மூன்றாவதாக, 2025 ஆகஸ்ட். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் குப்பை அள்ளும் பணியைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். 13-ம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் அமைச்சரவை அவர்களுக்கென்று அறிவித்த திட்டங்களில் ஒன்று, குப்பை கையாள்வதால் வரும் நுரையீரல், தோல் நோய்களுக்குத் தனிச் சிகிச்சைத் திட்டம். வேலையே நோய் தருகிறது என்று அரசு எழுத்தில் ஒப்புக்கொள்ளத் தெருவில் உட்காரவேண்டியிருந்தது. அவர்கள் கேட்டது நிரந்தர வேலை. வேலை நிரந்தரமானால் விடுப்பு கிடைக்கும், விடுப்பு கிடைத்தால் டாக்டரைப் பார்க்கலாம் என்பதால் அதுவும் உடல்நலக் கோரிக்கைதான். ஆனால் அது கிடைக்கவில்லை. நோய்க்கு மருந்து தருகிறோம், நோய் தரும் வேலைமுறையை மாற்றமாட்டோம் என்பதே அந்த அறிவிப்பின் சாரம்.

*

விழிப்புணர்வுக்காரர்களுக்கு எதிராகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு வேறு சிலர் வடசென்னைப் பெண்களைத் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்கள். இரும்பு மனுஷிகள், எதையும் தாங்குவார்கள், கடல் காற்றில் வளர்ந்த உடம்பு என்று சினிமாவிலும் கட்டுரையிலும் வருணனை நடக்கும். இந்தப் புகழ்ச்சி அந்தப் பழியைவிட ஆபத்தானது. தாங்குகிறவர்கள் என்று பேர் வாங்கியவர்கள்மேல்தான் மேலும் மேலும் ஏற்றுவார்கள். ஊருக்கெல்லாம் மின்சாரம் தரும் சாம்பலும், ஊருக்கெல்லாம் பெட்ரோல் தரும் புகையும், ஊர்க் குப்பையெல்லாம் சேரும் கொடுங்கையூர் மேடும் நகரத்தின் வடக்கிலேயே குவிந்ததற்கு, அங்கிருப்பவர்கள் தாங்குவார்கள் என்ற எண்ணமும் ஒரு காரணம். ஐஸில் கை வைத்து மீன் பிரிக்கிறவளின் விரலும் மரத்துத்தான் போகிறது, வெடித்துத்தான் போகிறது. அவள் தாங்குவது உடம்பின் வலுவால் அல்ல, மாற்று ஏற்பாடு இல்லாததால்.

*

எல்லாம் அவர்களுக்குத் தெரியும் என்று நான் சொன்னால் அது பொய். உடம்பு காட்டிக்கொடுக்காத நோய்கள் உண்டு. இரத்த அழுத்தம் பல ஆண்டு சத்தமில்லாமல் இருக்கும். சர்க்கரையும் தொடக்கத்தில் அப்படித்தான். கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. கட்சிரோலி ஆய்வில்கூட 45 சதவீதப் பெண்களுக்கு வெளியே தெரியும் தொல்லை இருக்கவில்லை. இங்கே தகவல் வேண்டும், பரிசோதனை வேண்டும்; யாரும் மறுக்கமுடியாது. தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பைவாய்ப் புற்றுப் பரிசோதனை ஒரு முறையாவது செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம்தான்.

ஆனால் இந்த இடத்திலும் தகவல் எப்படிப் பயன்படுகிறது என்று பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை அந்தந்தப் பகுதிப் பெண் தன்னார்வலர்களே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். 2024-ல் ஐ.நா.வின் விருதும் வாங்கிய திட்டம். அதன் அடிப்படை என்ன? நோயாளிக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிராமல் மாத்திரையை வாசலுக்குக் கொண்டுபோனது. கொண்டுபோனது யார் என்பதும் முக்கியம். அதே தெருவில் குழாயடியில் நிற்கும் ஒரு பெண். 2023 ஜூனில் ஒரே நாளில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களைத் திறந்தபோது மாலை நேரத்திலும் டாக்டர் இருப்பார் என்று வைத்ததும் இதே புரிதல்தான். ராயபுரம் மண்டலத்தில் 2020-ல் கொரோனா பரவியபோது மாநகராட்சி வீடு வீடாக ஆள் அனுப்பிக் காய்ச்சல் கேட்டது. அரசு பயப்படும்போது வீட்டு வாசல் அதற்குத் தூரமாகத் தெரிவதில்லை.

அரசு தன் நல்ல திட்டங்களில் இந்தக் கட்டுரையின் வாதத்தை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறது, மேடைப்பேச்சில்தான் மறந்துவிடுகிறது. 2021 மே மாதத்துக்கு முன் டவுன் பஸ்ஸில் குறைவாகப் போன பெண்களுக்குப் பயண விழிப்புணர்வு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. கட்டணத்தை நீக்கினார்கள், பஸ் நிறைந்தது. உடம்பு விஷயத்தில் மட்டும் ஏன் முதலில் புத்தி சொல்லத் தோன்றுகிறது?

ஆகவே நான் கேட்பது பிரசங்கத்துக்குப் பதிலாக நாலு ஏற்பாடுகள். நல வாரியங்களில் பதிந்துள்ள வீட்டுப் பணியாளர், மீன் விற்பவர், சிறு வியாபாரம் செய்பவருக்கு ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினால் அந்த நாள் கூலி கணக்கில் ஏறவேண்டும். மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகையைக் கோடிக்கு மேற்பட்ட பெண்கள் கணக்கில் தவறாமல் போடத் தெரிந்த அரசுக்கு இது முடியாத காரியம் அல்ல. ஸ்டான்லியிலும் தண்டையார்பேட்டையிலும் மகளிர் நோய்ப் பிரிவு வாரத்தில் சில நாளாவது சாயங்காலம் திறக்கவேண்டும். சீட்டும் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் ஒரே நடையில் முடியவேண்டும். மீன்பிடித் துறைமுகத்திலும் எம்.சி. ரோட்டிலும் தண்ணீர் வரும் கழிப்பறை வேண்டும். கருப்பைவாய்ப் பரிசோதனை முகாமை அங்கே, பெண் மருத்துவரோடு, வியாபாரம் முடிந்த பிற்பகலில் வையுங்கள். ஓ.பி. சீட்டில் தொழில், தெரு இரண்டையும் எழுதுங்கள். வார்டுவாரியாகக் கூட்டி, காற்று மாசு அளவோடு பக்கத்தில் வைத்து ஆண்டுதோறும் வெளியிடுங்கள்.

இதை எல்லா ஊரிலும் செய்யச் சொல்லவில்லை. ராயபுரம், திருவொற்றியூர் இரண்டு மண்டலத்தில் மட்டும் இரண்டு ஆண்டு செய்து பாருங்கள். படுத்த நாளுக்குக் கூலி கிடைத்தும், சாயங்காலம் டாக்டர் இருந்தும், ஒரே நடையில் வேலை முடிந்தும் இந்தப் பெண்கள் வரவில்லை என்றால், முகாம் மேடைக்காரர்கள் சொன்னது சரி, நான் சொன்னது தவறு. அந்தச் சோதனையை நடத்தத் துணியாதவரை, அவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்பது ஆதாரமில்லாத குற்றச்சாட்டு. அதை அறிக்கையிலிருந்தும் ஆய்வேட்டிலிருந்தும் மேடையிலிருந்தும் எடுத்துவிட வேண்டும்.